ஊற்று டீச்சர்

சாந்தா ஈரியா
28 மே 2000

அன்புள்ள தங்கச்சி ஒந்தினாவுக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீயும் மாப்பிள்ளை பெனெதித்தோவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பாறைமேடு ஏறினால் முழங்கால்தான் முனகுகிறது.

ஒரு விஷயம். சிரிக்காதே. நகரசபைத் தேர்தலில் கவுன்சிலருக்கு நிற்கிறேன். ரேடியோவில் காலைச் செய்தி வாசிக்கும் வால்தெசிதான் இங்கே கட்சிச் செயலாளர். வீட்டுக்கு வந்து இரண்டு கப் காப்பி குடித்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், இந்த ஊர்ல பாதிப் பேருக்கு எழுத்து சொல்லிக்குடுத்தது நீங்க. அந்தப் பாதி ஓட்டுப் போட்டாலே ஜெயிச்சுடலாம்."

"அதுல பாதிப் பேரை நான் ஃபெயிலாக்கியிருக்கேன், வால்தெசி."

"பரவாயில்ல, பாஸான பாதி போதும்."

நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் தண்ணீர். பாறைமேட்டின் மேல்வரிசை வீடுகளுக்கு இன்னும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது. வகுப்பில் ஒரு கணக்கு சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா? ஒரே குழாயில் வரிசையாகப் பத்து வாளி வைத்தால் பத்தாவது வாளிக்குச் சொட்டுத்தான் மிஞ்சும். வாளிகளை மாற்றிப் பயனில்லை. மேலே ஒரு தொட்டி கட்ட வேண்டும். அதுதான் என் முதல் கோரிக்கை. இரண்டாவது, சுகாதார நிலையத்துக்கு டாக்டர் குறித்த நாளில் வர வேண்டும். மூன்றாவது, பள்ளிக்கூடச் சாப்பாடு பிஸ்கெட்டாக இல்லாமல் சாப்பாடாக இருக்க வேண்டும்.

நோட்டீஸில் போட என் வாழ்க்கைக் குறிப்பும் ஒரு பழைய படமும் கேட்கிறார்கள். சின்ன வயதில் நாம் இருவரும் ஊற்றடியில் தலையில் தகர டின்னோடு நிற்போமே, ஊரை விட்டுப் போனபோது நீ எடுத்துப்போன படம், அதை அனுப்ப முடியுமா? பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.

எல்லோருக்கும் என் அன்பு.

உன் அக்கா
எர்மீனியா


ஜி-பரானா
14 ஜூன் 2000

அக்காவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் நாங்கள் நலம். பெனெதித்தோவுக்கு முதுகுவலி, ஆனாலும் தோட்டத்துக்குப் போகாமல் இருக்க மாட்டார். உன் சர்க்கரையைப் பார்த்துக்கொள். கொய்யா மிட்டாய் தின்கிறாய் என்று பாறைமேட்டு ஜந்தீரா எழுதியிருந்தாள்.

நீ நிற்பது நல்லதுதான். தொட்டி வேண்டும். மேல்வரிசையில் ஜந்தீரா வீட்டில் இந்த மாதம் தொடர்ந்து எட்டு நாள் தண்ணீர் இல்லையாம். நாற்பது வயது நெருங்கியும் டின் தூக்குகிறாள்.

படத்தை வைத்திருக்கிறேன், இந்தக் கவரிலேயே. அட்டைக்கு நடுவில் வைத்திருப்பதால் மடங்காது. என்னிடம் அது ஒன்றுதான் இருக்கிறது.

வாழ்க்கைக் குறிப்பு என்றால் என்ன எழுதுவார்கள்? எல்லாமே எழுதுவார்களா?

தங்கை
ஒந்தினா


சாந்தா ஈரியா
9 ஜூலை 2000

அன்புள்ள ஒந்தினா,

நலமா? பெனெதித்தோவின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இங்கே குளிர், காலையில் விரல் மடங்க மறுக்கிறது.

படம் வந்தது. நன்றி. நம் இருவருக்கும் எவ்வளவு ஒல்லிக் கால்கள்!

பிரசாரம் தொடங்கிவிட்டது. வாக்கு எந்திரத்தில் பதிவதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு கூப்பிடு பெயர் வைக்கிறார்கள். 'காஸ் நெல்சீன்யோ', 'பேக்கரி துல்சே', 'ஆம்புலன்ஸ் ஜெரால்தோ' என்று வரிசையாக இருக்கிறது. ஆம்புலன்ஸ் ஜெரால்தோ ஆம்புலன்ஸ் ஓட்டியது நான்கே மாதம். ஒரு தடவை வழி தவறி நோயாளியே வழி சொன்னாராம். எனக்கும் ஏதோ ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

வீடு வீடாகப் போகிறேன். எல்லா வீட்டிலும் காப்பி, எல்லா வீட்டிலும் சீஸ் உருண்டை. வேண்டாம் என்றால் ஓட்டுப் போய்விடும். நோட்டீஸ் அச்சு அவ்வளவு நன்றாக வரவில்லை. இன்னொரு தடவை அடித்ததும் அனுப்புகிறேன்.

பேத்திக்கு என் முத்தம்.

அக்கா
எர்மீனியா


ஜி-பரானா
30 ஜூலை 2000

அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் நோட்டீஸை ஜந்தீரா அனுப்பியிருந்தாள். அச்சு நன்றாகத்தான் இருக்கிறது. தாளும் கெட்டியான தாள். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. பெனெதித்தோ கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். 'ஊற்று டீச்சர் எர்மீனியா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் பாறைமேட்டுப் பெண்களை முன்னின்று நடத்தி, காலி டின்களோடு நகரசபை வாசலுக்குப் போனவர்.' படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார்.

நம் படமும் இருக்கிறது. நீ மட்டும் நிற்கிறாய். ஆனால் உன் தோளில் ஒரு கை இருக்கிறது, அதை வெட்ட முடியவில்லை போல. "பாட்டி, இது யாரு கை?" என்று பேத்தி கேட்டாள். பழைய படம், சரியாகத் தெரியவில்லை என்று சொன்னேன்.

இங்கே காலம் தப்பி மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் என் வலது மணிக்கட்டு முன்கூட்டியே சொல்லிவிடும். அந்த வருஷத்திலிருந்து அப்படித்தான்.

பள்ளிக்கூடத்து ஜபுத்திகாபா மரம் இன்னும் இருக்கிறதா? கதவை மாற்றினார்களா, அதே கதவுதானா?

தங்கை
ஒந்தினா


சாந்தா ஈரியா
12 ஆகஸ்ட் 2000

அன்புள்ள ஒந்தினா,

மணிக்கட்டுக்கு எண்ணெய் தடவிக்கொள். நான் நலம்.

நோட்டீஸ் வால்தெசி எழுதியது. ரேடியோக்காரர், ஒன்றைப் பத்தாக்கிச் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. "எழுபத்தொன்பதுல நீங்க பாறைமேட்டுலதானே இருந்தீங்க, டீச்சர்?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் அங்கேதானே, இருந்தேன் என்றேன். மற்றதை அவரே சேர்த்துக்கொண்டார். நான் பார்ப்பதற்குள் அச்சாகிவிட்டது. பெயரும் பதிவாகிவிட்டதால் இனி மாற்ற முடியாதாம்.

நினைத்துப் பார், தொட்டி வந்தால் நூற்றுப்பத்து வீட்டுக்குத் தண்ணீர். அதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

மரம் இருக்கிறது. கதவு அதே கதவுதான். பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

அக்கா
எர்மீனியா


சாந்தா ஈரியா
27 ஆகஸ்ட் 2000

ஒந்தினா,

பதினைந்து நாளாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால் தாமதம் என்று முதல் வாரம் நினைத்தேன். இரண்டாவது வாரம் அப்படி நினைக்க முடியவில்லை.

போன கடிதத்தில் நான் எழுதியது பொய். அச்சுக்குப் போகும் முன் நோட்டீஸ் இரண்டு நாள் என் மேஜையில் இருந்தது. சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று எழுத்துப் பிழை திருத்தினேன். ஒரு காற்புள்ளி போட்டேன். அந்த வரிக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காப்பி போடப் போனேன். திரும்பி வந்து அடுத்த வரியிலிருந்து திருத்தினேன். அச்சில் படத்தை வெட்டலாமா என்று வால்தெசி என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வெட்டினார்.

பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்துக் கணக்கு எழுதும் பிள்ளையை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன் தெரியுமா? விடை சரியாகத்தான் இருக்கும். கரும்பலகைக்கு வந்து போட்டுக் காட்டு என்றால் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நான் இப்போது அப்படித்தான் நிற்கிறேன். "அன்னிக்கு எப்படி இருந்துச்சு, டீச்சர்?" என்று இளம் பெண்கள் கேட்கிறார்கள். வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டு நகர்கிறேன். அன்று உன்னோடு வந்தவர்கள் டீச்சர் என்ற மரியாதைக்கு வாயைத் திறப்பதில்லை.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். இருபத்தொரு வருஷமாக நாம் சர்க்கரையையும் முதுகுவலியையும் மட்டுமே எழுதி வந்தோம். ஊற்றுக்கு நகரசபை வேலி போட்டுத் தண்ணீரைப் பணக்காரர் கிளப்பின் நீச்சல் குளத்துக்குத் திருப்பியபோது நீதான் பெண்களைத் திரட்டிக்கொண்டு போனாய். போலீஸ் விரட்டியதும் நீ மேலே ஓடி வந்தது என் பள்ளிக்கூடத்துக்கு. "அக்கா, கதவத் தொற" என்றாய். மூன்று தடவை சொன்னாய். அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. மேயர் ஒரு வார்த்தை சொன்னால் போய்விடும். நான் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். பிள்ளைகளைப் பார்த்து, ஏழாம் வாய்ப்பாடு, சத்தமாக, என்றேன்.

அதற்குப் பிறகு வெளியே என்ன நடந்தது என்று உன் மணிக்கட்டுக்குத் தெரியும். மூன்று நாள் லாக்கப்பில் வைத்தார்கள். அப்புறம் ஊரில் ஒரு வீடும் உனக்குத் துணி துவைக்கப் போடவில்லை. நீங்கள் பஸ் ஏறிய அன்று நான் காய்ச்சல் என்று படுத்திருந்தேன். காய்ச்சல் இல்லை.



எர்மீனியா


ஜி-பரானா
6 செப்டம்பர் 2000

அக்காவுக்கு,

நலம்.

கடிதத்தைப் படித்தேன். இதை ஏன் என்னிடம் சொல்கிறாய்? நான் கதவுக்கு வெளியேதானே இருந்தேன்.

அன்று ஜந்தீராவும் என்னோடு ஓடி வந்தாள். அவளுக்கு அப்போது பதினெட்டு. வாசல்படியில் விழுந்து முன்பல் போனது. "டீச்சர் ஏன் தெறக்கல?" என்று லாக்கப்பில் கேட்டாள். டீச்சருக்குக் கேட்டிருக்காது, பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றேன். மற்றவர்களிடமும் அதையேதான் சொன்னேன். பாறைமேடு இன்றுவரை அப்படித்தான் நம்புகிறது. இத்தனை வருஷம் அதை நான் தூக்கிக்கொண்டிருந்தேன். இனி முடியாது, அக்கா. கை வலிக்கிறது.

என் வாக்காளர் அட்டை இன்னும் அந்த ஊரில்தான். ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் என்பதால், ஒவ்வொரு தேர்தலுக்கும் இங்கே தபால் ஆபீஸுக்குப் போய், ஊரில் இல்லாததால் வர முடியவில்லை என்று ஒரு தாள் எழுதிக் கொடுப்பேன். இந்தத் தடவையும் அப்படியே செய்துகொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒந்தினா


சாந்தா ஈரியா
18 செப்டம்பர் 2000

அன்புள்ள ஒந்தினா,

நலமா என்று கேட்கும் தைரியம் இன்று கொஞ்சம் வந்திருக்கிறது. நலமா?

நேற்று ஞாயிறு. கோயில் பூசை முடிந்து பாறைமேட்டுக் குழாயடியில் என் கூட்டம். வால்தெசி மைக்கில், "இதோ, அன்னிக்கு டின்னைத் தூக்கின கை" என்று ஆரம்பித்தார். நான் மைக்கை வாங்கி, அது என் கை இல்லை என்றேன். "டீச்சருக்கு வெயில் ஏறிடுச்சு" என்று அவர் சிரித்தார். ஜனங்களும் சிரித்தார்கள். நான் சொல்லச் சொல்லச் சிரிப்பு நின்றது.

ஜந்தீரா முன்வரிசையில் இருந்தாள். எழுந்து நின்றாள்.

"அப்ப கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ஒந்தினான்னு தெரிஞ்சுதா?"

"அக்கான்னு கூப்பிட்டா."

அவள் உட்காரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள், அந்தப் பல் போன இடத்தை மறைப்பாளே, அதே மாதிரி. பின்னால் கொத்தனார் அதாவுத்தோ குரல் கொடுத்தான். அவன் அன்று என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சு. "ஏழாம் வாய்ப்பாட்ட மூணு தடவ சொல்ல வச்சீங்க, டீச்சர். நான் தப்பா சொன்னேன், நீங்க அடிக்கக்கூட இல்ல. ஏன்னு இன்னிக்குத்தான் புரியுது."

ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

ஒரு கிழவர், "அதெல்லாம் இருக்கட்டும், தொட்டி வருமா வராதா?" என்றார். அதற்கு மட்டும் என்னால் நிமிர்ந்து பதில் சொல்ல முடிந்தது. தொட்டியின் அளவு, குழாயின் அகலம், எந்தப் பாறைமேல் கட்டலாம், எல்லாம் சொன்னேன். பாதிப் பேர் அதற்குள் போய்விட்டார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் ஒருவரும் காப்பிக்குக் கூப்பிடவில்லை.

வால்தெசி காரில், "ஒரு ரெண்டு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா, டீச்சர்? ஜெயிச்சிட்டு சொல்லியிருக்கலாம்ல" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கும் அந்த யோசனை வந்திருந்தது. அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

எந்திரத்தில் என் முகத்துக்குக் கீழே அந்தப் பெயர் அப்படியேதான் வரும். மாற்ற மனு கொடுத்தேன், நாள் கடந்துவிட்டது என்றார்கள்.

அக்கா
எர்மீனியா


சாந்தா ஈரியா
7 அக்டோபர் 2000

அன்புள்ள ஒந்தினா,

பெனெதித்தோவுக்கு முதுகு எப்படி? எனக்கு முழங்கால் பழகிவிட்டது.

தோற்றுவிட்டேன். மொத்தம் முந்நூற்றுப் பதினெட்டு. இன்னும் நாற்பது இருந்தால் உள்ளே போயிருப்பேன். பேக்கரி துல்சே ஜெயித்தாள். ஆம்புலன்ஸ் ஜெரால்தோவும் ஜெயித்தார்.

வாக்கெடுப்பு முடிந்ததும் எந்திரம் அச்சடித்த சீட்டை அந்தந்த அறைக் கதவில் ஒட்டுவார்கள் அல்லவா? பாறைமேட்டுச் சீட்டு ஒட்டியிருந்தது நம் பள்ளிக்கூடத்துப் பச்சைக் கதவில். கிட்டே போய்ப் படிக்க வேண்டியிருந்தது. முந்நூறு பேர் வாக்குப் போடும் அறை. என் பெயருக்கு நேரே பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு பேர் யாரென்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது. ஆனால் யாரைப் பார்த்தாலும் இவராக இருக்குமோ என்று தோன்றி நன்றாகப் பேசிவிடுகிறேன்.

வியாழக்கிழமை நகரசபை கூடியது. ஜந்தீரா மேல்வரிசைப் பெண்கள் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு தொட்டிக்கு மனு கொடுக்கப் போனாள். மனுவை எழுதித் தரட்டுமா என்று கேட்கப் போனேன். "எழுதினது போதும். டின்ன எடுத்துக்கிட்டு வாங்க. முன்னால இல்ல, கடைசியா" என்றாள். கடைசியாக நடந்தேன். காலி டின்தான், இருந்தும் தெரு முழுக்க என்னைப் பார்ப்பது போல இருந்தது. மனுவை வாங்கிக்கொண்டார்கள். பேக்கரி துல்சே எங்களுக்கு உட்கார நாற்காலி போட்டாள்.

படத்தை இத்துடன் அனுப்பவில்லை. தபாலில் போட பயமாக இருக்கிறது. வெட்டியது அச்சில்தான், படம் முழுசாக இருக்கிறது.

அக்கா
எர்மீனியா


ஜி-பரானா
15 அக்டோபர் 2000

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பெனெதித்தோ உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை.

நான் தபால் ஆபீஸுக்குப் போகவில்லை. உன் கூட்டத்துக்கு மறுநாளே ஜந்தீரா பக்கத்துக் கடைக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். பாதி அழுகை, பாதி திட்டு. நான் பஸ் ஏறிவிட்டேன். மூன்று நாள் பயணம், கால் வீங்கிவிட்டது. ஜந்தீரா வீட்டில்தான் தங்கினேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது அதிசயம்.

வாக்குச்சாவடி அதே பள்ளிக்கூட அறைதான். கதவு மூடாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். தாழ்ப்பாளும் அதேதான். பெயிண்டில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கிறது.

உன் எண்ணை அழுத்தினேன். உன் முகம் வந்தது, கீழே அந்தப் பெயர். பார்த்துக்கொண்டே நின்றேன். திருத்தும் பொத்தானை அழுத்தினேன், அழிந்தது. மறுபடி எண்ணை அழுத்தினேன், மறுபடி நீ வந்தாய். மறுபடி அழித்தேன். மேஜையில் இருந்த பெண், "அம்மா, ஏதாவது உதவி வேணுமா?" என்றாள். "வேண்டாம்மா, இது எங்க வீட்டு விஷயம்" என்றேன். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மூன்றாவது தடவை பச்சைப் பொத்தானை அழுத்தினேன். தொட்டிக்காக அழுத்தினேன். அந்தப் பெயருக்காக இல்லை. இதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, சரியாகவே எடுத்துக்கொள்.

பஸ்ஸுக்குப் போகும்போது உன் வீட்டு வழியாக நடந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து ரேடியோவில் எண்ணிக்கை கேட்டுக்கொண்டிருந்தாய். தலை முழுக்க வெளுத்துவிட்டது உனக்கு. கதவு சாத்தியிருந்தது. கையைத் தூக்கினேன். தட்ட வரவில்லை. கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. உன்னைத் தண்டிக்க அப்படிச் செய்யவில்லை, அக்கா. உண்மையாகவே வரவில்லை.

டிசம்பர் இருபதாம் தேதி பெனெதித்தோவையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். படத்தை அவள் முழுசாகப் பார்க்க வேண்டும். பஸ் சாயங்காலம் நாலு மணிக்கு வரும். நான் தட்ட மாட்டேன். கதவைத் திறந்து வை.

தங்கை
ஒந்தினா